நொய்டாவுக்கு நாற்பத்தொரு பெட்டி

சர்க்கரை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதியிருந்தது. நோட்டுப் புத்தகம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

"காபியை இப்படியே குடிச்சிடுங்க," என்றாள் பிரபா.

"சர்க்கரை இல்லாமலா?"

"இப்பவே பழகிக்கலாம். அங்க போய் என்னென்ன பழகணுமோ."

ரங்கநாதன் சிரித்தார். ஜோகுபாளையத்து மாடி வீட்டின் கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. மொத்தம் நாற்பத்தொன்று. ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு மையில் கொட்டை கொட்டையாக நம்பர். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒன்றிலும் எழுதவில்லை. அது அவருடைய திட்டம்.

"மிக்ஸின்னு எழுதினா வழியில எவனாவது உருவிக்கிட்டுப் போயிடுவான். வெறும் நம்பரைப் பார்த்தா திருடனுக்கு என்ன தெரியும்?" என்று பெட்டி கட்டும்போது மனைவி பிரபாவிடம் சொல்லியிருந்தார்.

இப்போது திருடனுக்குத் தெரிந்த அளவுதான் அவருக்கும் தெரிந்தது.

ரங்கநாதனுக்கு நாற்பத்திரண்டு வயது. மெஷின் டூல்ஸ் தொழிற்சாலை ஒன்றில் பதினாறு வருஷம் பிளானிங் பிரிவில் இருந்தவர். எந்தப் போல்ட் எந்தக் கிழமை எந்த மெஷினுக்கு வந்து சேர வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அந்த இரண்டாயிரமாவது வருஷம் ஏப்ரல் மாதத்தில், டெல்லிக்குப் பக்கத்தில் நொய்டாவில் இருந்த ஒரு கம்பெனி அவரை பிளானிங் மேனேஜராக எடுத்துக்கொண்டது. அங்கிருந்து இரண்டு பேர் விமானத்தில் வந்து இங்கே எம்.ஜி. ரோட்டுப் பக்கம் ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து இன்டர்வியூ நடத்தினார்கள். அதனால் நொய்டாவை அவர் பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. மேப் வாங்கிவிட்டார்.

ஜூன் ஒன்றாம் தேதி வேலையில் சேர வேண்டும். இன்று மே பதினாறு.

"அப்பா, கறுப்பு அட்டை போட்ட நோட்டுதானே?" என்று கேட்டாள் பன்னிரண்டு வயது மகள் வைஷ்ணவி. "அதை நீங்களே ஒரு பெட்டியில வெச்சு டேப் ஒட்டினீங்க. முக்கியமான சாமான், பத்திரமா இருக்கணும்னு."

"எந்தப் பெட்டி?"

"எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி இருக்குப்பா."

அவர் பெட்டிகளைத் திறக்க ஆரம்பித்தார். முதல் பெட்டியில் போர்வைகள். இரண்டாவதில் பூஜைச் சாமான்களும் ஸ்குரூ டிரைவர்களும். இருபத்து மூன்றாவது பெட்டியில் நோட்டு கிடைத்தது. அதற்குள் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. வைஷ்ணவி எப்போதோ கீழே கடைக்குப் போய்ச் சர்க்கரை வாங்கிவந்து, மூவரும் காபி குடித்து முடித்திருந்தார்கள்.

இருபத்து மூன்று பெட்டிகளையும் மத்தியானத்துக்குள் அவசர அவசரமாகத் திரும்பக் கட்டினார்கள். எது கைக்கு வந்ததோ அது எதில் இடம் இருந்ததோ அதற்குள் போனது. நோட்டு இப்போது பத்திரமாகக் கையில் இருந்தது. அதில் எழுதியிருந்த எதுவும் உண்மையாக இல்லை.

"இது ஒரு ட்ரையல்தான்," என்றார் ரங்கநாதன். "அங்க போய்ப் பிரிக்கறப்போ எல்லாருக்கும் பழக்கமாயிருக்கும்."

லாரி விஷயத்திலும் அவர் திட்டம் அப்படித்தான். வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனிக்காரன் ஒருவன் வந்து பார்த்து, ஒரு குடும்பச் சாமானுக்கு முழு லாரி விட முடியாது, இன்னும் இரண்டு குடும்பம் சேர வேண்டும், மூன்று வாரம் ஆகும் என்றான். ரங்கநாதன் அவனைத் திருப்பி அனுப்பிவிட்டு மர்பி டவுனுக்குப் போனார். அங்கே பஞ்சர் கடையை ஒட்டிய அறையில் ஒரு மேசையும் ஒரு போனும் வைத்துக்கொண்டு லாரி புரோக்கர் தொழில் செய்துவந்தார் கிளாரன்ஸ்.

"ரிட்டர்ன் லோடு புடி மேன்," என்றார் கிளாரன்ஸ். "டெல்லி சைடுலேர்ந்து ஒரு வீட்டுச் சாமான் இங்க வருது. எறக்கிட்டா வண்டி காலியாத்தான் திரும்பும். அதுல உன் சாமானை ஏத்திவுட்டா முடிஞ்சுது."

"என்னிக்கு வரும்?"

"பதினெட்டாம் தேதி, காலையில."

"கட்டாயமா?"

"நான் சொன்னா சொன்னதுதான் மேன். இப்பல்லாம் அங்கேர்ந்து வண்டி வந்துட்டே இருக்கு. இங்கேர்ந்து போறதுக்குத்தான் ஆளில்ல. இந்த சம்மர்ல நீதான் ஃபர்ஸ்ட்."

முதல் ஆள் என்பது ரங்கநாதனுக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் எல்லா வேலைகளையும் பதினெட்டாம் தேதிக்குக் கொண்டுவந்து முடிச்சுப் போட்டார். போனைச் சரண்டர் செய்தார். கேஸ் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்தார். ரேஷன் கார்டை மாற்ற எழுதிக் கொடுத்தார். தபால் ஆபீசுக்குப் போய், தனக்கு வரும் கடிதங்களையெல்லாம் நொய்டா கம்பெனி விலாசத்துக்குத் திருப்பிவிடும்படி படிவம் நிரப்பிக் கையெழுத்துப் போட்டார். வைஷ்ணவியின் பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கியாயிற்று.

பிரபா வேலையை விட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பது வருஷம் இரண்டாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு டீச்சர். ராஜினாமா கொடுத்துவிட்டு வந்த அன்று கைப்பையைக் கழற்றாமலே வெகுநேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "அங்க இதைவிடப் பெரிய ஸ்கூல் இருக்கும்," என்று ரங்கநாதன் மேப்பில் விரல் வைத்துக் காட்டினார். அவள் மேப்பைப் பார்க்கவில்லை.

பதினெட்டாம் தேதி லாரி வரவில்லை.

"நாக்பூர்கிட்ட ஆக்ஸில் ஒடைஞ்சுடுச்சு மேன்," என்றார் கிளாரன்ஸ். "ரெண்டே நாள்."

இருபதாம் தேதியும் வரவில்லை. வீட்டுக்காரர் சின்னப்பா வந்தார். கீழ் வீட்டில் இருப்பவர். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். கோபம் வந்தால் கன்னடத்தில் ஆரம்பித்துக் கன்னடத்திலேயே முடிப்பார்.

"ஏன்ரீ ரங்கநாதன், ஹொஸா பார்ட்டி, புதுசா வர்றவங்க, நாளைக்குப் பால் காய்ச்சறாங்க. நீங்க நடு ஹால்ல பெட்டி மேல உக்காந்திருந்தா எப்படி, ஹேகே?"

"ஒரு நாள்தான் சார். லாரி கிளம்பிடுச்சு."

"லாரி பரலி. அது வரட்டும். ஆனா அவுங்க வர்றதுக்கு முன்னாடி நீங்க எறங்கணுமில்ல?"

ரங்கநாதனுக்கு உடனே ஒரு யோசனை வந்தது. சின்னப்பாவின் கார் ஷெட் காலியாக இருந்தது. பெட்டிகளை அங்கே இறக்கிவிட்டால் எப்படியும் மாடியிலிருந்து இறக்கும் வேலை மிச்சம். லாரி வந்ததும் நேராக ஏற்றிவிடலாம். "ரெண்டு நாள் தாமதத்துல அரை நாள் வேலை முன்னாடி முடிஞ்சிருச்சு பாரு," என்று பிரபாவிடம் சொன்னார். சின்னப்பாவின் மனைவி இரக்கப்பட்டுத் தங்கள் பின்கட்டு அறையை மூவருக்கும் ஒழித்துக் கொடுத்தாள்.

மறுநாள் சாயங்காலம் மழை பிடித்தது. மே மாத மழை, இடியும் காற்றுமாக. ஷெட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் எத்தனை ஓட்டை என்று அதுவரை சின்னப்பாவுக்கே தெரியாது. குடையும் தார்ப்பாயும் எடுத்துக்கொண்டு ஓடிப் பார்த்தபோது பெட்டிகளுக்குப் பெரிய சேதமில்லை. சிவப்பு மைதான் கரைந்து ஓடியிருந்தது. நாற்பத்தொரு பெட்டிகளில் நாற்பத்தொரு நம்பரும் போய், எல்லாமே குங்கும அபிஷேகம் ஆனதுபோல நின்றன.

ரங்கநாதன் கறுப்பு நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் மழையைப் பார்த்தார்.

அடுத்த நாள் காலை பிரபா ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்து, வகுப்புப் பலகையில் எழுதுகிற அழகான எழுத்தில், கறுப்பு பெயிண்டால், 'பாத்திரம்', 'துணி', 'வைஷு புத்தகம்', 'இது என்னவென்று அவருக்குத்தான் தெரியும்' என்று எழுதி முடித்தாள்.

சமையல் சின்னப்பா வீட்டு ஸ்டவ்வில். போன் சின்னப்பா வீட்டு போன். அரசாங்கப் பதிவுகளின்படி ரங்கநாதன் குடும்பம் ஏற்கெனவே நொய்டாவில் இருந்தது. தூங்குவதற்கு மட்டும் ஜோகுபாளையத்துக்கு வந்துகொண்டிருந்தது.

இருபத்து நாலாம் தேதி தபால்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்தினார். "சார், இன்னும் போகலையா நீங்க? நேத்து உங்களுக்கு ஒரு ரிஜிஸ்டர் தபால் வந்துச்சே."

"எங்கேர்ந்து?"

"நொய்டாலேர்ந்து. நீங்கதான் எழுதிக் குடுத்திருக்கீங்களே, அதனால திருப்பி நொய்டாவுக்கே அனுப்பிட்டோம்."

ரங்கநாதன் பெருமையோடு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தியா? சிஸ்டம் எப்படி வேலை செய்யுது! நாம போறப்போ லெட்டர் அங்க டேபிள்மேல காத்துட்டிருக்கும்."

"என்ன லெட்டர்னு தெரிய வேணாமா? ரிஜிஸ்டர்ல அனுப்பியிருக்காங்களே. ஒரு போன் போட்டுக் கேளுங்க."

எஸ்.டி.டி. பூத்துக்கு மூவரும் போனார்கள். ரங்கநாதன் நம்பரைச் சுழற்றிவிட்டுக் காதில் வைத்துக்கொண்டார். கண்ணாடிக்கு வெளியே பிரபாவும் வைஷ்ணவியும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நாலு தடவை போட்டார். ஒருவரும் எடுக்கவில்லை.

வெளியே வந்து, "எல்லாரும் மும்முரமா வேலை செய்யறாங்க போலிருக்கு," என்றார். "போனை எடுக்கக்கூட நேரமில்ல. நல்ல கம்பெனி."

பிரபா நடந்துகொண்டே கேட்டாள். "அப்படி ஒரு கம்பெனி இருக்கா?"

"என்ன கேள்வி இது? அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் இருக்கு."

"பேப்பர் இருக்கு. ஹோட்டல்ல ரெண்டு பேர் வந்தாங்க, கை குடுத்தாங்க, போயிட்டாங்க. ஆபீஸ நாம யாராவது பார்த்தோமா? டி.வி.யில தினம் ஒரு மோசடி காட்டறான்." அவள் நின்றுவிட்டாள். "நான் வேலையை விட்டுட்டேன். இவ ஸ்கூலை விட்டுட்டா. வீடு போச்சு. நீங்க ஒரே ஒரு தடவை, எனக்கும் பயமா இருக்கு பிரபான்னு சொல்லுங்க. அதுக்கப்புறம் நான் தெம்பாயிடுவேன்."

"எனக்கு எதுக்குப் பயம்?" என்றார் ரங்கநாதன்.

அன்று சாயங்காலம் வெகுநேரம் அவர் நொய்டா மேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பா, தலைகீழா வெச்சிருக்கீங்க," என்று வைஷ்ணவி சொன்ன பிறகுதான் திருப்பினார்.

ரயில் டிக்கெட் இருபத்தெட்டாம் தேதிக்கு. இருபத்தேழாம் தேதி காலை எட்டு மணிக்கு கிளாரன்ஸ் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

"வண்டி வந்துடுச்சு மேன்! இந்திரா நகர்ல நிக்குது. சின்ன ப்ராப்ளம் ஒண்ணு. எறக்க ஆளில்ல. லோடிங் ஆளுங்க மொத்தமா ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டாங்க. டிரைவர் ஒண்டியா இருக்கான், கிளீனர் காய்ச்சல்னு ஹைதராபாத்லயே எறங்கிட்டானாம். எல்லாரும் திரும்பி வந்து எறக்கறதுக்கு நாளைக்கு சாயங்காலம் ஆயிடும்."

"நாளைக்குச் சாயங்காலம் நாங்க ரயில்ல இருப்போம்."

"அதான் மேன் ப்ராப்ளம்."

"இது ஒரு ப்ராப்ளமா?" என்று கேட்டார் ரங்கநாதன். சட்டையைக் கழற்றி பிரபாவிடம் கொடுத்தார். பனியனுக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு கிளாரன்ஸின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறினார்.

லாரி டிரைவர் திருச்செங்கோட்டுக்காரர். பெயர் நல்லசிவம். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். "நீங்களாங்க எறக்கப் போறீங்க?" என்று ரங்கநாதனை மேலும் கீழும் பார்த்தார்.

"பிளான் பண்ணி எறக்கினா ரெண்டு பேர் போதும்."

சாமான்களுக்குச் சொந்தக்காரர் ஒரு டெல்லிக்காரர். பெரிய மீசை, பெரிய வயிறு, நல்ல சிரிப்பு. மூன்றாவது மாடியில் வீடு. லிஃப்ட் இல்லை. கிளாரன்ஸ் கீழே நின்று மேற்பார்வை பார்க்க, ரங்கநாதனும் நல்லசிவமும் சோபா, கட்டில், சாப்பாட்டு மேசை, நாற்பது கிலோ கோதுமை மாவு எல்லாவற்றையும் ஏற்றினார்கள். கடைசியாக பீரோ. கீழ்ப்பக்கம் ரங்கநாதன் பிடித்திருந்தார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அது சிக்கிக்கொண்டது. மேலும் போகவில்லை, கீழும் வரவில்லை. சுவருக்கும் பீரோவுக்கும் நடுவில் கன்னம் நசுங்க நின்றபடி ரங்கநாதன், "லெஃப்ட்ல சாய்ங்க, அப்புறம் மேல தூக்குங்க, பதறாதீங்க," என்று நிதானமாக உத்தரவு போட்டார். பீரோ வெளியே வந்தது. டெல்லிக்காரர் கை தட்டினார்.

ஒரு மாதமாகக் கற்று வைத்திருந்த ஹிந்தியை நொய்டாவுக்குப் போகிறேன் என்று சொல்ல ரங்கநாதன் அவரிடம் பிரயோகித்துப் பார்த்தார். "மை நொய்டா ஜா ரஹா ஹூம்."

டெல்லிக்காரர் புருவத்தைத் தூக்கினார். "நொய்டா? அப் வஹாம் க்யா ஹை?"

அங்கே இப்போது என்ன இருக்கிறது என்று கேட்கிறார். ரங்கநாதனுக்குப் புரிந்தது. புரிந்ததே பெரிய சந்தோஷம். "நௌக்ரி! வேலை!" என்றார், நெஞ்சை நிமிர்த்தி.

டெல்லிக்காரர் கடகடவென்று சிரித்து, வேகமாக என்னவோ சொல்லி, அவர் முதுகில் தட்டிக்கொடுத்து, ஒரு டப்பா வெண்பூசணி மிட்டாயைக் கையில் வைத்தார். சொன்னதில் 'அச்சா' என்பது மட்டும் ரங்கநாதனுக்குப் பிடிபட்டது.

"வடக்கத்திக்காரங்க நல்லவங்க பிரபா," என்றார் வீடு திரும்பியதும். பனியன் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. "கூலிக்காரன்னு நினைச்சுத்தான் பேசறாரு. ஆனாலும் என்ன மரியாதை! அப்படிப்பட்ட ஆளுங்க கீழ வேலை பாக்கறதுக்குக் குடுத்துவெச்சிருக்கணும்."

பிரபா அவர் கையைப் பார்த்தாள். இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்திருந்தது. உள்ளே போய்த் தேங்காயெண்ணெய் கொண்டுவந்தாள். அதைத் தடவிக்கொண்டிருந்தபோது ரங்கநாதன் குரலைத் தாழ்த்தினார்.

"பிரபா."

"என்ன?"

"போன் அடிச்சு யாரும் எடுக்கல இல்ல... எனக்கும் கொஞ்சம் பயமாத்தான் இருக்கு."

அவள் எண்ணெய் தடவுவதை நிறுத்தவில்லை. "போதும்," என்றாள். "இப்ப எழுந்திருங்க. லாரி நிக்குது. அப்படி அங்க ஒண்ணுமே இல்லேன்னா திரும்பி வருவோம். ரெண்டாம் கிளாஸ் பசங்க எங்கயும் ஓடிப் போகமாட்டாங்க."

அதன் பிறகு வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். முதலில் கட்டில், பிறகு புத்தகங்கள், மேலே துணி என்று அவள் பெயர் சொல்லச் சொல்ல, சின்னப்பாவும் அவர் மனைவியும், மாடியில் புதிதாகக் குடிவந்தவர்களும்கூட ஆளுக்கொரு பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார்கள். நாலு மணிக்கு நாற்பத்தொரு பெட்டியும் லாரியில் இருந்தன. நல்லசிவம் தார்ப்பாயை இழுத்து மூடி, காலை உதைத்துக்கொண்டு கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டார். சின்னப்பா ஒரு தேங்காயைக் கொண்டுவந்து லாரிக்கு முன்னால் உடைத்தார். "ஹோகி பன்னி," என்றார். போய் வாருங்கள் என்று அர்த்தம்.

நல்லசிவம் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "எங்க எறக்கோணுங்க? கிளாரன்ஸு நொய்டான்னு மட்டுந்தானுங்க சொன்னாப்ல."

"இப்போதைக்கு கம்பெனியிலேயே எறக்கிக்கலாம். வீடு பார்க்கற வரைக்கும் பின்னால இருக்கற ஹால்ல வெச்சுக்கலாம்னு ஆர்டர்லயே எழுதியிருக்காங்க." ரங்கநாதன் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து நீட்டினார். "அட்ரஸ் மேலயே இருக்கு பாருங்க. கண்டுபிடிச்சிடுவீங்களா?"

நல்லசிவம் அந்தத் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பச்சை எழுத்தில் இருந்த கம்பெனிப் பெயரைப் பார்த்தார். விலாசத்தைப் பார்த்தார். பிறகு ரங்கநாதனைப் பார்த்தார். தாளை மெதுவாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"கயித்த அவுத்துரலாமுங்களா, சார்?"

"ஏன்? என்ன ஆச்சு?"

"இந்த ஆபீஸ நாந்தானுங்க மேசை நாற்காலியோட ஏத்தியாந்து இந்த மாச மொதல்ல இங்க இதே ஊரு வைட்ஃபீல்டுல எறக்குனேன், காத்தால நீங்க பீரோ தூக்கிக் குடுத்தீங்களே, அவருதானுங்க அங்க பாக்கியிருந்த கடைசி ஆளு!"